பாம்பன் முதல் குமரி வரை: அம்மா அப்பாவோடு நான்கு நாள்

கிளம்புமுன்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து தனுஷ்கோடி, பிறகு இரவு ரயிலில் கன்னியாகுமரி. வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களை நினைத்து, அந்தந்த நாள் முடிந்ததும் எழுதிப் போடுகிற குறிப்பு இது. இந்தப் பாதையில் உருப்படியானவற்றில் பாதிக்கு மேல் கட்டணமே இல்லாதவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. பத்து நிமிடம் பிந்திப் போனால் பத்தாயிரம் கொடுத்தாலும் கிடைக்காது. அதனால் முதலில் தேதியைப் பிடிக்க வேண்டும். ஓட்டல் அறையெல்லாம் அதற்குப் பிறகு.

குமரி முனையில் ஒரே நேரத்தில் மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா ஏறுவதையும் பார்க்கலாம் என்பது தெரிந்த விஷயம். அதைச் சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லாப் பௌர்ணமிக்கும் நிலா அந்தி சாயும்போதுதான் எழும். சித்திரையில் சூரியன் மேற்குத் திசைக்கு வடக்கே தள்ளி இறங்குவதால், முனையிலிருந்து பார்த்தால் அது கரையோரமாகத் தரைப் பக்கம் போய்விடும். மாசியில் நேர் மேற்குக்குச் சற்றுத் தெற்கே, திறந்த கடலில் விழும். மழைக்கால மேகமும் அப்போது விலகியிருக்கும். கூட்டமும் சித்திரையளவுக்கு இருக்காது. எங்களைக் கேட்டால் மாசிதான்.

இனி எந்த மாலை என்பது. தினசரிக் காலண்டரில் பௌர்ணமி திதி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பாருங்கள். திதி முடிகிற நொடிதான் நிலா முழுமையாகிற நொடி. நிலா தினமும் சுமார் ஐம்பது நிமிடம் பிந்தி எழும். அதாவது ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடக் கணக்கு. திதி மாலை ஆறு மணி வாக்கில் முடிந்தால், அன்று நிலா எழுவதும் சூரியன் மறைவதும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். நள்ளிரவில் முடிந்தால், அந்த மாலை நிலா பத்துப் பன்னிரண்டு நிமிடம் முந்தி எழும். காலையிலேயே முடிந்துவிட்டால், அன்று மாலை இருட்டிய பிறகுதான் நிலா வரும். முந்தின நாள் மாலையே போயிருக்க வேண்டும். காலண்டரில் 'பௌர்ணமி' என்று அச்சிட்ட தாளை மட்டும் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நள்ளிரவை ஒட்டித் திதி முடிகிற நாள் கிடைத்தால் விடாதீர்கள். கடலோரப் புழுதி மங்கலில் நிலா அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் ஏறினால்தான் தெரியும். அந்தப் பத்து நிமிட முன்னிலை அதற்குத் தேவை. மறுநாள் காலையில் இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும்: சூரியன் எழுந்த பிறகும் மேற்கே நிலா கொஞ்ச நேரம் நிற்கும்.

தேதி முடிவானதும் ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது ஒருவர் தனியாகவோ, தகுதியுள்ள இருவர் சேர்ந்தோ எடுக்கிற சீட்டுக்குத்தான். பிள்ளைகள் தங்கள் பெயரையும் அதே சீட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு அடிபட்டு, அப்பாவுக்கு மேல் பெர்த் விழும். பெற்றோர் இருவருக்கும் தனிச் சீட்டு, உங்களுக்குப் பொது ஒதுக்கீட்டில் வேறு சீட்டு என்று எடுங்கள். மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

மருந்து இரண்டு பையில் பிரிந்திருக்கட்டும். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று ஓடும். நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பகல் பயணத்தன்று அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று தங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. கழிப்பறை பயத்தில் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்து, மதியம் தலைசுற்றிப் படுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் நாள்: மதுரை – ராமேஸ்வரம்

காலை பாசஞ்சர். கார் வைத்துக்கொண்டால் வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் காரில் ஒருவர் சாலையைப் பார்ப்பார், மற்றவர்கள் முன்சீட்டின் முதுகைப் பார்ப்பார்கள். ரயிலில் எதிரெதிரே உட்காரலாம். மானாமதுரை தாண்டியதும் கண்மாயும் கருவேலமுமாக வருகிற வெளியைப் பார்த்தபடி பேச்சு தானாகக் கிளம்பும். பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி என்று ஊர் பெயர்கள் வரிசையாக வர, எந்த ஊரில் எந்தச் சொந்தக்காரர் வேலை பார்த்தார் என்று பெரியவர்களுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அந்த நேரத்தில் போனை எடுத்து வழி பார்க்காதீர்கள்.

முன்பதிவில்லாப் பெட்டி என்பதால் மதுரையில் அரைமணி நேரம் முன்னால் நடைமேடையில் இருப்பது நல்லது. ரயிலுக்கும் நடைமேடைக்கும் உள்ள உயரம் எல்லா ஸ்டேஷனிலும் ஒன்றல்ல. முட்டி வலிக்காரர்களை ஏற்றும்போது நல்ல கால் முதலில். இறக்கும்போது வலிக்கிற கால் முதலில். பின்னால் நின்று தள்ளாமல், பக்கத்தில் நின்று கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மண்டபம் ஸ்டேஷன் வந்ததும் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட வேண்டும். கண்ணாடியைத் துடைத்துப் போடுவது, குழந்தையை மடியில் வைப்பது எல்லாம் மண்டபத்திலேயே முடியட்டும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போனது. சாவகாசமாகக் கடலைப் பார்த்துக்கொண்டே வர முடிந்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். தூணுக்குத் தூண் 18.3 மீட்டர் இடைவெளி உள்ள கண்கள் 99. கப்பல் போக 72.5 மீட்டர் நீளத்தில் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிற ஒரு கண். ரயில் மணிக்கு 75 கிலோமீட்டர் வரை போகலாம், தூக்குப் பகுதியில் 50. வேகமாகப் போனால் மொத்தக் கடலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்நூறு கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய பாலம் கடலைப் பார்க்கிற நேரத்தைக் குறைத்துவிட்டது என்பது ஒரு வேடிக்கை. பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தால் பாம்பன் ஸ்டேஷனில்தான் தலை நிமிர்வீர்கள்.

வாசலில் நின்று படம் பிடிப்பது வேண்டாம். காற்று சட்டென்று பக்கவாட்டில் அடிக்கும். ஆற அமரப் பார்க்க ஆசையிருந்தால், பிறகு ஆட்டோ வைத்துக்கொண்டு 1988-ல் திறந்த சாலைப் பாலத்துக்கு வந்து ரயில் போவதைப் பாருங்கள். அதற்கு ஸ்டேஷனில் ரயில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வருவது அவசியம். சும்மா வந்து நின்றால் வெறும் பாலம்தான்.

ராமேஸ்வரத்தில் மதியச் சாப்பாடு, தூக்கம். மாலையில் அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்ததோடு சரி. முதல் நாளிலேயே நாலு இடத்தைத் திணித்தால் மறுநாள் விடிகாலை யாரும் எழ மாட்டார்கள்.

இரண்டாம் நாள்: கோயிலும் தனுஷ்கோடியும்

விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். நாலேகாலுக்கு அறையை விட்டுக் கிளம்பினால் நெரிசலில்லாமல் நிற்கலாம். அது முடிந்த பிறகு தீர்த்தம் ஆடுவதா, தீர்த்தம் முடித்துச் சாமி பார்ப்பதா என்று ஒரு குழப்பம் வரும். ஈர உடையோடு சந்நிதிக்குள் விட மாட்டார்கள் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். ஸ்படிக லிங்கம் முதலில், உலர்ந்த துணியோடு. பிறகு கடலில் முங்கி 22 தீர்த்தம். அதன்பின் உடை மாற்றி மூலவர். ஆளுக்கு இரண்டு செட் துணி, ஈரத்தைப் போட ஒரு பிளாஸ்டிக் பை, எளிதில் கட்டக்கூடிய வேட்டி, சேலை.

22 தீர்த்தமும் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவது. தரை முழுக்க ஈரம். எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். வயதானவர்கள் விழுவது கிணற்றடியில் இல்லை, ஒரு தீர்த்தத்திலிருந்து அடுத்ததற்குக் கூட்டத்தோடு ஓடும்போதுதான். வாளிக்காரர் குழுவை அவசரப்படுத்துவார். நீங்கள் பின்தங்குங்கள், அடுத்த குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். முட்டி முடியாதவர்கள் எல்லாவற்றையும் ஆடியே ஆக வேண்டும் என்றில்லை. ஆடிவிட்டு வருகிறவர்கள் ஒரு செம்பில் கொண்டுவந்து தெளித்தால் பெரியவர்கள் மனநிறைவோடு ஏற்றுக்கொள்கிறார்கள். கட்டணச் சீட்டைக் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள்.

கோயிலுக்குள் செல்போன் கிடையாது. 1212 தூண் நிற்கிற மூன்றாம் பிரகாரத்தை யாரும் திரையைப் பார்க்காமல் நடப்பதற்கு அதுதான் காரணம். கிழமேலாக 690 அடி. காலை எட்டு மணிக்கு மேல் கூட்டம் சந்நிதிப் பக்கம் போய்விடும். வடக்குப் பிரகாரம் ஓரளவு காலியாக இருக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து திரும்ப, மெதுவாகப் போனால் இருபது நிமிடம். இன்று காலை அந்த வழியில் ஒரு பாட்டி ஒவ்வொரு தூணாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். கூட வந்த பேரன் நாற்பதில் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க, அவருக்குக் கொஞ்சமும் அலுப்பில்லை.

தனுஷ்கோடிக்கு மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பி மூன்று மணிக்குள் அங்கே இருப்பது சரி. அரிச்சல்முனை வரை அரசுப் பேருந்தே போகிறது. அந்தி சாயுமுன் காவலர்கள் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். நிழல் என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குடை, தலைக்குத் துண்டு.

போகும்போது இடப்பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்றும், வலப்பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஒன்று குளம் போலக் கிடக்க மற்றது மடமடவென்று அடித்துக்கொண்டிருக்கும். காற்று மாறுகிற பருவத்தில் குணமும் இடம் மாறும். எதிலுமே கால் நனைப்பதற்கு மேல் இறங்கக் கூடாது. முனையில் மணல் காலுக்கடியில் அரித்துப்போகும், இழுப்பும் கடுமை.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு போய்விட்டது. ஊரே போனது. தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி ஆகியவை நிற்கின்றன. எழுபது வயதைத் தாண்டிய யாருக்கும் அந்தச் செய்தி கேட்ட நாள் நினைவிருக்கும். இடிந்த சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பதைவிட, அப்போது எந்த ஊரில் இருந்தீர்கள், யார் வந்து சொன்னார்கள் என்று கேளுங்கள்.

தேவாலயத்தை ஒட்டிய குடிசைப் பக்கம் மணலில் ஊற்று தோண்டியிருப்பார்கள். கடல் கண்ணெதிரே இருக்க, சில அடி ஆழத்தில் குடிதண்ணீர். மழை நீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீர் மேல் மிதந்து நிற்பதால் வருவது அது. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும் என்று தெரிந்து, சிரட்டையால் மொள்கிற அளவுக்கே தோண்டுவார்கள். மொண்டு எடுத்த பிறகு மறுபடி ஊறக் காத்திருக்க வேண்டும். அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டால் ஒரு வாய் தருவார்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

பூநாரைகள் மாசி வரை இருக்கும். 2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. சாலையோர ஆழமற்ற நீரில் நிற்கும். வண்டியை விட்டு இறங்கி அருகே போனால் மொத்தமாகப் பறந்துவிடும். பைனாகுலர் இருந்தால் வண்டிக்குள் இருந்தே பார்க்கலாம்.

இன்னொன்று: முனையில் செல்போன் இலங்கை டவரைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

திரும்பி வந்து ஸ்டேஷனில் காத்திருக்கிற நேரம் வீணல்ல. ராமேஸ்வரம்–கன்னியாகுமரி ரயில் வாரத்தில் மூன்று நாள்தான். இரவு கிளம்பி விடியுமுன் சேர்க்கும். அதன் கிழமையையும் பௌர்ணமியையும் சேர்த்துப் பார்த்துத்தான் மதுரையில் கிளம்பும் நாளே முடிவாகும். ஒத்துவராவிட்டால் மதுரை வழியாகச் சுற்ற வேண்டியதுதான்.

பெரியவர்களின் குரலைப் பதிவு செய்ய நினைக்கிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நேரம்தான் சரி. கடற்கரையில் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். ஓடும் ரயிலில் தடதடப்பு. அறிவிப்பு ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, சுவரோர பெஞ்சு. போனை ஏர்பிளேன் நிலையில் போட்டு, பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், துணி மேல் வையுங்கள். பெஞ்சில் நேரடியாக வைத்தால் அதிர்வு பதியும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பு போதும். "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாராலும் சொல்ல முடியாது. "கல்யாணம் ஆகி முதன்முதலா எந்த ரயில்ல வந்தீங்க? கையில என்ன சாமான் இருந்துச்சு?" என்று கேட்டால் நிற்காமல் வரும். நடுவில் தேதி தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். முடிந்ததும் கோப்புக்கு ஆள் பெயர், இடம், தேதி போட்டுச் சேமித்து, அன்றைக்கே இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மூன்றாம் நாள்: குமரி, மாலை

விடியுமுன் ரயில் வந்து சேர்ந்தது. இரவில் சரியாகத் தூங்காத பெரியவர்களை நேராகச் சூர்யோதயத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நாளைக்கும் ஒன்று இருக்கிறது. பகல் முழுக்க ஓய்வு.

மாசியில் இங்கே சூரியன் ஆறரை மணியளவில் மறையும். ஐந்தரைக்கே கரைக்கு வந்துவிட வேண்டும். திரிவேணி சங்கமத்துப் படித்துறை வேண்டாம்; நெரிசலில் உட்கார்ந்தால் எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கிருந்து மேற்கே கரையோரமாக நடந்து, கடல் இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் முதுகு சாய ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோனால் நல்லது. பெரியவர்களுக்கு மணலில் உட்காருவதைவிட எழுவதுதான் கஷ்டம். நாற்காலியை மேற்கு நோக்கிப் போடாமல் தெற்கு நோக்கிப் போடுங்கள். வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் நிலா. தலையை மட்டும் திருப்பினால் போதும்.

சூரியனின் விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழுசாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நிலா அதற்கு முன்பே விவேகானந்தர் பாறைப் பக்கம் வெளிறிப்போய், வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து ஒட்டினது போல நிற்கும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருட்ட இருட்ட மஞ்சள் ஏறும். பெரும்பாலான கூட்டம் சூரியன் மறைந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து பஜாருக்குப் போய்விடுகிறது. அதன்பின் இருபது நிமிடம்தான் நிலா நன்றாக இருக்கும் நேரம். கடலில் நிலா வெளிச்சப் பாதையும் அப்போதுதான் விழும்.

போனில் நிலாவை எடுக்க முயலாதீர்கள், ஒரு வெள்ளைப் புள்ளிதான் விழும். எடுக்க வேண்டிய படம் வேறு: சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்னால், வெயில் சாய்ந்து முகத்தில் விழும்போது, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று அம்மா அப்பாவை எடுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு இரண்டு படம். பிறகு போனைப் பையில் போட்டுவிடலாம். வேறு யாரிடமாவது கொடுத்து நீங்களும் இருக்கிற ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எல்லா வீட்டு ஆல்பத்திலும் இல்லாமல் போகிற ஆள் படம் எடுத்தவர்தான்.

மேகம் மூடிவிட்டால்? வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாது. நாளைக் காலை இன்னொரு வாய்ப்பு. அதற்காகத்தான் இங்கே இரண்டு இரவு கேட்கிறோம். ஒரே இரவு தங்கி வருகிற சுற்றுலாப் பேருந்துக் கணக்கில் இது நடக்காது.

நான்காம் நாள்: குமரி, காலை

சூரியோதயம் ஆறரைக்குச் சற்றுப் பிந்தி. ஆறே கால் மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். அந்த நிறம் பிடித்தவர்கள் ஆறு மணிக்கே வர வேண்டும். மேற்கே நேற்றைய நிலா தென்னந்தோப்பு இருக்கிற கரைப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பதால் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. கூட்டத்தின் விளிம்பில் டீ விற்றுக்கொண்டிருந்தவர் மட்டும் அந்தப் பக்கம் பார்த்தபடி ஊற்றிக்கொண்டிருந்தார்.

பாறைக்குப் படகு காலை எட்டு மணியளவில் தொடங்கும். விவேகானந்தர் மண்டபம் 1970-லும், 133 அடித் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்றும் திறந்தவை. முன்பெல்லாம் கடல்மட்டம் தாழ்ந்தால் சிலைப் பக்கம் படகு போகாது. 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்த பிறகு பாறையிலிருந்தே நடந்து போகலாம். காற்று கடுமையாக இருந்தால் சேவையே நிற்கும், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நான்கு நாளில் கூடுதல் காசு கொடுக்கச் சொல்வது இந்த ஓரிடத்தில்தான்: சிறப்பு வரிசைச் சீட்டு. பொது வரிசை விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், வெயில் ஏறும். படகிலிருந்து இறங்கும்போது அலைக்கேற்ப படகு ஏறி இறங்கும்; ஊழியர் கை கொடுக்கிற நேரத்தில்தான் கால் எடுத்து வைக்க வேண்டும், அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது. மேலே படிகள் உண்டு. முட்டி முடியாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்களோடு ஒருவர் கரையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். அந்த ஒருவர் யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். வரிசையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால், "நான் இருந்துக்கிறேன், நீங்க எல்லாரும் போங்க" என்று அம்மாதான் சொல்வார், எல்லோரும் போய்விடுவீர்கள்.